மாசி மகத்தன்று மீனுக்கு ஐஸ்

அஜீசாக்கா ஹஜ்ஜுக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். அந்த வீட்டில் திருடர்கள் தேடக்கூடிய எதையும் நான் காவல் காக்க வேண்டியிருக்கவில்லை. நகைகளை வங்கியில் வைத்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது கூடத்தில் இருந்த நான்கடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைகளின் மேல் பவளங்கள். அவற்றுக்கு நடுவே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள்.

பவளம் என்றால் சங்கிலியில் கோக்கும் சிவப்பு மணி என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அது உயிருள்ளது என்று அஜீசாக்கா சொன்னபோது நம்பவில்லை. தொட்டியின் நடுவில் ஒன்று இருந்தது. பகலில் ஊறவைத்த ஜவ்வரிசியைப் போல உப்பி நிற்கும், ஒவ்வொரு குமிழும் திராட்சை அளவு. விளக்கை அணைத்தால் மெல்லச் சுருங்கிக்கொள்ளும். ஒருநாள் மாலை அதன் எதிரில் உட்கார்ந்து அது சுருங்குவதைக் கடைசிவரை பார்த்தேன். அதற்குப் பிறகு நம்பினேன்.

நாங்கள் நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து டவுனை ஒட்டிய செங் என்ற ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை. நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டுவிட்டேன். மலாய்ப் பாடத்தின் வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் முன்னால் நின்றபோது எனக்குக் குரல் வரவில்லை. பதில்கள் தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அம்மா இரண்டு வாரம் திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

அப்படி வீட்டுக்குள்ளேயே இருந்த என்னை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டவர் அஜீசாக்கா. டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமாலுதீன் அண்ணனின் மனைவி. மகள் அமானி கோலாலம்பூரில் தங்கிப் படித்தாள். கல்யாணமான புதிதில் தியோமான் தீவுக்குப் போய்க் கண்ணாடி அடி வைத்த படகில் கடலுக்குள் பார்த்தாராம் அஜீசாக்கா. அன்றைக்குப் பிடித்த ஆசை, இருபது வருடம் கழித்துத் தொட்டியாக வந்து நின்றது.

“மலரு, இங்க வா புள்ள. இந்தத் தெர்மோமீட்டரப் பாரு, என்ன காட்டுது?”

“இருபத்தேழு.”

“இருபத்தெட்டு வரைக்கும் இவங்க சிரிச்சிக்கிட்டு இருப்பாங்க. முப்பதுக்கு மேல போச்சுன்னா கோவிச்சுக்குவாங்க.”

“கோவிச்சுக்கிட்டா என்னக்கா செய்வாங்க?”

“வெளுத்துருவாங்க. அப்புறம் எத்தன கெஞ்சினாலும் சமாதானம் ஆக மாட்டாங்க.”

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த ஜமாலுதீன் அண்ணன் அங்கிருந்தே சத்தம் போட்டார். “எனக்குக் காய்ச்சல் வந்தா ஒரு மாத்திரையக் குடுத்துட்டுப் போயிருவா. மீனுக்குன்னா ரெண்டு காத்தாடி. என்னைய அந்தத் தொட்டில போட்டிருந்தா நல்லா இருந்திருப்பேன் லா!”

“நீங்க உள்ள எறங்குனா தண்ணி வெளிய போயிரும். பேசாம அடுக்குங்க,” என்றார் அக்கா.

தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் ஒன்று சிங்கப்பூரில் கிடைக்கும், அதை வாங்குவதாக இருந்தார்கள். அதற்குள் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, விலை எட்டாமல் போய்விட்டது. அதனால் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையைக் கையால் எப்படிச் செய்வது என்று அக்கா எனக்குக் காட்டிக் கொடுத்தார். தொட்டியின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு சின்னக் காற்றாடிகள் தண்ணீரின் மேல் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். ஜன்னல் திரையைக் காலையிலேயே இழுத்துவிட வேண்டும். தொட்டி விளக்கை வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்ச நேரம் போட்டால் போதும். அதையும் மீறிச் சூடு ஏறினால், தண்ணீர் நிரப்பி உறையவைத்த பிளாஸ்டிக் போத்தல்களை மூடி திறக்காமல் மிதக்கவிட வேண்டும்.

“காத்தாடி போட்டா தண்ணி கொறையும். கொறைஞ்சா நல்ல தண்ணிதான் ஊத்தணும். முதல் நாளே வாளியில புடிச்சு வச்ச தண்ணி. உப்புத் தண்ணி ஊத்திராத, என்ன? ஆவியாப் போறது வெறும் தண்ணிதான். உப்பு உள்ளயேதான் இருக்கும்.”

நான் தலையாட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கா?”

“ஆமாக்கா.”

“எனக்கும்தான்,” என்றார். “ஆனா வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல.”

பள்ளியை விட்ட பிறகு என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. அன்று இரவு அந்தச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அந்தப் பவளத்தை உயிரோடு அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அந்த வருடம் வெயில் யாரையும் விடவில்லை. வாரக்கணக்கில் மழை இல்லை. எங்கள் வீடுகள் இருந்த தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த திடலில் புல் காய்ந்து தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. துணி காயப்போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் முதல் துணி காய்ந்திருக்கும். காலையில் அம்மா வேலைக்குப் போனதும் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். காற்றாடி வீச வீசத் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன மடிப்புகள் ஓடும். மாலைக்குள் ஒரு விரல் அளவு குறைந்திருக்கும். வாளித் தண்ணீரைக் குவளையால் மெல்ல ஊற்றுவேன். ஆரஞ்சு மீன்கள் என் கையைப் பார்க்க மேலே வரும்.

ஒருநாள் அம்மா என்னோடு வந்து பார்த்தார்.

“கடல் மீனுக்குப் பைப்புத் தண்ணியா ஊத்துற? பாவம்டி. தங்கா பத்து கடற்கரையில ஒரு தோம்பு கடல் தண்ணி புடிச்சிட்டு வரச் சொல்லவா?”

“வேணாம்மா. உப்பு கூடிரும்.”

“கடல்ல கூடாதது இங்க கூடிருமா?”

கடலில் மழையும் பெய்கிறது, ஆறும் வந்து விழுகிறது என்று சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இவ்ளோ பேசுறியே, இதப் பள்ளிக்கூடத்துல பேசியிருக்கக் கூடாதா?” என்றார். ஆனால் திட்டுவது போல் சொல்லவில்லை.

மாசி மகம் வந்தது. டவுனிலிருந்து தேர் செங்கில் இருக்கும் மலைக்கோயிலுக்கு வரும். அம்மா பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்ததால் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டார். போத்தல்களை மாற்றிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தேன். வெயில் உச்சிக்கு வரும் முன்னால், எங்கோ தெருக்கோடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. காற்றாடிகள் வேகம் குறைந்து நின்றன. தொட்டிக்குள் எந்நேரமும் முணுமுணுத்துக்கொண்டிருந்த பம்பும் நின்றது. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

வெளியே வந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, ஆள் வர நேரமாகும் என்று எதிர்வீட்டுச் சீனக் கிழவர் தெருக்கோடியைக் காட்டிச் சொன்னார்.

உறைந்த போத்தல்களை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். கடைசிப் போத்தலும் கரைந்து தண்ணீரானபோது தெர்மோமீட்டர் முப்பதைத் தொட்டிருந்தது. குமிழ்ப் பவளம் பட்டப்பகலில் சுருங்கத் தொடங்கியது. மூலை மளிகைக் கடைக்கு ஓடினேன்.

“ஐஸா? ஒரு துண்டு இல்லம்மா. எல்லாம் பந்தலுக்குப் போயிருச்சு,” என்றார் கடைக்காரர்.

தண்ணீர்ப் பந்தல் பெரிய சாலையில் கடைவரிசைக்கு முன்னால் இருந்தது. கீற்றுக்குப் பதிலாக நீலக் கித்தான் கட்டியிருந்தார்கள். பீப்பாய் போன்ற தோம்புகளில் சிராப் என்ற சிவப்புச் சர்பத்தும் மோரும். பின்பக்கம் மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளங்கள் கோணிக்குள் கிடந்தன. அங்கே பெரியவர் இருளாண்டி அண்ணன். தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வருடா வருடம் அந்தப் பந்தல் அவர் பொறுப்பு. விரதமிருந்து, மஞ்சள் வேட்டியோடும் வெறுங்காலோடும், கூர்க்கம்பியால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேநீர்க் கடையில் வேலை செய்யும் தனபாலன் அண்ணன் குவளைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். பக்தர்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்ததும் சிராப்பைக் கையில் கொடுத்தார்கள்.

“ஐஸ் வேணும்ணே,” என்றேன்.

“போட்டுத்தானேம்மா இருக்கு?” என்றார் இருளாண்டி அண்ணன்.

“கட்டியா வேணும்.”

“கட்டியாவா? எதுக்கு?”

“மீனுக்கு.”

வரிசை அப்படியே நின்றுவிட்டது. தலையில் பால்குடத்தோடு நின்ற ஓர் அம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, பாப்பா மீனு விக்கிற பாசாருன்னு நெனச்சு வந்திருச்சு போல,” என்றார் தனபாலன் அண்ணன். சிரிப்பு எழுந்தது.

இருளாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. “இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுமா உனக்கு? சாமி வர்ற வழியில நின்னுக்கிட்டு மீனு கெட்டுப் போயிரும்னு ஐஸ் கேக்குற. எந்த வீட்டுப் புள்ளம்மா நீ?”

“நாளைக்கு வறுத்துக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லும்மா,” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சொல்ல வேண்டியதெல்லாம் என் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வாய்மொழித் தேர்வில் நின்றது போலவே நின்றேன். சிராப் குவளையோடு திரும்பி நடந்தேன், பிறகு ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மீன்களில் ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், துணைக்கு நிற்பது போல, மற்றொன்று. குமிழ்ப் பவளம் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய செய்தித்தாளை மடித்து விசிறினேன். என் கை ஓய்ந்ததே தவிர, தெர்மோமீட்டரின் சிவப்புக் கோடு அசையவில்லை.

அந்த மீனின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கும் குரல் இல்லை. அதற்காக யாராவது கேட்டால்தான் உண்டு. அந்த வீட்டில் அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.

மேசையில் சிராப் குவளை இருந்தது. குவளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்தேன். இந்த முறை வரிசையில் நிற்கவில்லை. பந்தலின் பின்பக்கமாகப் போய் இருளாண்டி அண்ணன் எதிரில் நின்று, அவர் நிமிர்வதற்குள் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அது கறி மீனு இல்ல. உசுரோட இருக்கு. கண்ணாடித் தொட்டில வளக்குறது. கரண்டு போயிருச்சு, தண்ணி சுடுது, மூச்சு முட்டுது அதுக்கு. அஜீசாக்கா ஹஜ்ஜுக்குப் போயிருக்காங்க. என்னைய நம்பி விட்டுட்டுப் போனாங்க.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. ஆனால் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அவர் கூர்க்கம்பியைக் கீழே வைத்தார். “யாரு, துணிக்கட ஜமால் பாய் வீடா?”

“ஆமாண்ணே.”

“அடக் கடவுளே. அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நானும் கண்டபடி பேசிட்டேன்.” ஐஸ் பாளங்களைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அது தாகத்துக்கு வருகிறவர்களுக்கென்று பலர் சேர்ந்து கொடுத்த உபயம். அதை அவர் வீட்டுக்குக்கூட ஒரு துண்டு எடுத்துப் போகமாட்டார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். “ஜனங்க தாகத்துக்குன்னு குடுத்தது. மீனுக்கும் தாகம்தான் போ. டேய் தனபாலா, கோணிய எடு.”

“மீனுக்கு என்னண்ணே தாகம்? அது தண்ணிக்குள்ளதானே இருக்கு?”

“வாய மூடிட்டுக் கோணிய எடுடா!”

மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களிடம் பந்தலை ஒப்படைத்துவிட்டு இருவரும் என்னோடு வந்தார்கள். தார்ச்சாலை தகித்தது. இருளாண்டி அண்ணன் வெறுங்காலோடு ஐஸ் மூட்டையைத் தோளில் சுமந்து கிட்டத்தட்ட ஓடினார். வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார். சுவரில் அரபு எழுத்து மாட்டியிருந்ததைப் பார்த்துக் கைகூப்பினார். அப்புறம் தொட்டியைப் பார்த்தார். “ஐயோ, இவ்ளோ சின்னதுங்களா!” என்றபடி ஒரு பெரிய ஐஸ் கட்டியைத் தூக்கித் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார்.

“போடாதீங்க!”

நான்தான் கத்தினேன். அவர் கை அப்படியே நின்றது.

“நேராப் போட்டா உப்பு கொறைஞ்சிரும்ணே. சட்டுனு குளுந்தாலும் தாங்காது. பையில கட்டிப் போடணும். ஒவ்வொண்ணா.”

“சரிம்மா, சரி. நீ சொல்ற மாதிரியே செய்யலாம்,” என்றார் அவர், கோயிலில் ஐயர் சொல்வதைக் கேட்பது போல. ஐஸை உடைத்துப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். ஒன்று கரைந்த பிறகுதான் அடுத்தது.

சிவப்புக் கோடு இறங்கத் தொடங்கியது. ஆனால் மீன் இன்னும் மேலேயே வாயைத் திறந்துகொண்டிருந்தது. தனபாலன் அண்ணன் குனிந்து அதன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார்.

“இதுக்குக் காத்து வேணும்போல. பம்பு நின்னுருச்சில்ல? சோப்பு படாத ஜக்கு ரெண்டு இருக்கா பாப்பா?”

மீன் தண்ணீருக்கென்றே அக்கா வைத்திருந்த இரண்டு ஜக்குகளைக் கொடுத்தேன். அவர் ஒன்றில் தொட்டித் தண்ணீரை மொண்டார். கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். கடையில் தே தாரே என்று நுரைக்க நுரைக்கத் தேநீர் இழுப்பது போலவே, மேலிருந்து கீழே ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றினார். நுரை பொங்கியது. நுரை அடங்கியதும் தொட்டியில் மெல்ல ஊற்றினார். மறுபடியும் மொண்டார், மறுபடியும் இழுத்தார். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

“டேய், பழக்கதோஷத்துல சீனிய போட்டுராத,” என்றார் இருளாண்டி அண்ணன்.

“இவங்க ஆர்டர் உப்புண்ணே. எனக்குத் தெரியாதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கப் பையைக் கட்டுவது போல் குனிந்துகொண்டேன்.

அப்போது தூரத்தில் உறுமி கேட்டது. நாதஸ்வரம் நெருங்கியது. தேர் பெரிய சாலைக்கு வந்துவிட்டது. பந்தலின் முன்னால் தேர் நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இருளாண்டி அண்ணன் விடியற்காலையிலிருந்து நின்றிருந்தார். அர்ச்சனைத் தட்டுகூடத் தயாராக இருந்ததைப் பார்த்திருந்தேன்.

“அண்ணே, தேர் வந்திருச்சு. நீங்க போங்க. நான் பாத்துக்குறேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, ஐஸ் ஈரம் சொட்டும் கைகளைத் தலைக்கு மேல் கூப்பி நின்றார். திரை மூடியிருந்ததால் எதுவும் தெரிந்திருக்காது. உறுமிச் சத்தம் கடந்து போகும்வரை அப்படியே நின்றுவிட்டு அடுத்த பையைக் கட்ட உட்கார்ந்தார்.

“சாமி எங்கம்மா போயிறப் போவுது? சாயங்காலம் மலைக்கோயில்லதான் இருக்கும். போயிப் பாத்துக்கலாம். இந்த மீனுப் பயதான் போயிருவான் போல இருக்கு.”

கரண்டு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பம்பு முணுமுணுத்தது. காற்றாடிகள் சுற்றின. தெர்மோமீட்டர் இருபத்தெட்டுக்கு வந்திருந்தது. ஆரஞ்சு மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே பாறை இடுக்குக்குப் போனது. இன்னொன்று அதன் பின்னாலேயே போனது. தனபாலன் அண்ணன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். “என் வாழ்க்கையில இவ்ளோ டீ ஆத்துனதில்ல. குடிச்சவன் காசும் குடுக்கல, நன்றியும் சொல்லல,” என்றார்.

நான் சொன்னேன். இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன். அது போதாது என்று அப்போதே தெரிந்தது.

அடுத்த சில நாட்களில் குமிழ்ப் பவளம் மறுபடி உப்பியது. ஆனால் ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. தினமும் காலையில் முதலில் அந்த ஓரத்தைத்தான் போய்ப் பார்ப்பேன்.

அஜீசாக்கா திரும்பி வந்த அன்று, பயண உடுப்பைக்கூட மாற்றாமல் தொட்டியின் முன்னால் வந்து நின்றார். மீன்களைப் பார்த்தார், பவளங்களைப் பார்த்தார். அவர் விரல் கண்ணாடியின் மேல் நகர்ந்து அந்த வெள்ளை ஓரத்துக்கு நேராக நின்றது.

“இது எப்பப் புள்ள?”

மாசி மகத்தன்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். அதற்கு முன் யாரிடமும் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பந்தலில் ஐஸ் கேட்ட இடத்துக்கு வந்தபோது அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“பால்குடத்துக்கு நடுவுல நின்னு மீனுக்கு ஐஸ் கேட்டியா! யா அல்லாஹ்! என்னங்க, இங்க வந்து கேளுங்களேன்!”

ஜமாலுதீன் அண்ணன் வந்து கேட்டார். அவரும் சிரித்தார். தேர் கடந்துபோன இடத்தைச் சொன்னபோது இருவரும் சிரிப்பதை நிறுத்தினார்கள். அக்கா மறுபடி தொட்டியைப் பார்த்தார். “ஓரம்தானே. மழை வந்தா திரும்பக் கலர் வந்துரும். உசுரு இருக்கு, அது போதும்,” என்றார். பிறகு பெட்டியைத் திறந்தார். உறவினர்களுக்கென்று கொண்டுவந்ததை இன்னும் பிரிக்கவே இல்லை. முதலில் எடுத்த பேரீச்சம்பழப் பொட்டலத்தையும் ஒரு சின்னப் போத்தல் ஸம்ஸம் தண்ணீரையும் பையில் போட்டு, “அந்த அண்ணன் வீடு எங்க இருக்கு, காட்டு,” என்றார்.

இருளாண்டி அண்ணன் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். புனிதத் தண்ணீர் என்று அக்கா சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லவே விடவில்லை. “அட விடுங்கம்மா. ஐஸ் ஊருசனத்தோடது. நான் தூக்கிட்டு வந்தேன், அவ்ளோதான்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அந்த ரெண்டு பேரும் சௌக்கியமா?” என்று கேட்டார், பக்கத்து வீட்டாரை விசாரிப்பது போல.

வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. வெளுத்த ஓரத்தில் முதலில் தேநீர்க் கறை போல ஒரு நிறம் வந்தது. பிறகு அதுவும் மற்றக் குமிழ்களோடு சேர்ந்துவிட்டது. எந்த ஓரம் என்று இப்போது என்னாலேயே சொல்ல முடியாது.

அடுத்த மாசி மகத்துக்கு ஜமாலுதீன் அண்ணன் பந்தலுக்கு ஒரு லாரி ஐஸ் அனுப்பினார். அம்மாவோடு நானும் சிராப் ஊற்றப் போனேன். பந்தலின் பின்பக்கம் ஒரு கோணி மட்டும் ஓரமாகத் தனியே இருந்தது. கரண்டு ஒன்றும் போகவில்லை. ஆனாலும் இருளாண்டி அண்ணன் அதை யாரையும் தொடவிடவில்லை.

“அது எதுக்குங்க தனியா இருக்கு?” என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்.

“அது மீனுக்கு,” என்றார் தனபாலன் அண்ணன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

கேட்டவர் திகைத்துப்போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தனபாலன் அண்ணன் வேண்டுமென்றே என் பக்கம் கையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். நான் சிராப் குவளையை நீட்டிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னேன்.